நாற்காலியைச் சுற்றி

மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பை எடுக்க ஏறிய சலூன்காரர் ஏணியோடு சாய்ந்தார். அடிபட்டது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இரண்டு கால்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள், கால் மட்டும் கேட்க என்று அவர் சொன்னதற்கு மனைவி சிரிக்கவில்லை. வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவருடையது நின்று செய்கிற தொழில். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இறக்கும்வரை நின்றே பழகியவர். இப்போது கடையை மச்சினன் பார்த்துக்கொண்டான். மனைவியின் தம்பி. அவனுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். பழைய வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள்.

சக்கர நாற்காலி கொஞ்சம் பழகியதும் அவர் மச்சினனையே பிடித்து முன்னால் உட்கார வைத்து, அவன் தலையில் கத்தரியைப் போட்டுப் பார்த்தார். காது தெரிந்தது, பிடரி தெரிந்தது, உச்சி தெரியவில்லை. குனி என்றார், திரும்பு என்றார், இன்னும் குனி என்றார். கடைசியில் மச்சினன் கண்ணாடியில் பார்த்து உச்சியைத் தடவிக்கொண்டான்.

"எலி கடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிடுடா."

"எலி இன்னும் கொஞ்சம் நேரா கடிச்சிருக்கும், மாமா."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கத்தரியைத் துடைத்து உறையில் போட்டார். நான் நிற்க வேண்டும் என்றார்.

மருத்துவமனையின் பிசியோ அம்மா அவர் காலை ஒவ்வொரு தசையாகத் தொட்டுப் பார்த்தார். முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. தொடையில் லேசான துடிப்பு. இடுப்பை மேலே தூக்குகிற தசையில் மட்டும் நல்ல பலம் மிச்சமிருந்தது. எதையும் ஒளிக்காமல் சொன்னார்: தொடையிலிருந்து பாதம்வரை காலிபர் என்ற தாங்குகம்பி கட்டினால் நிற்கலாம், கொஞ்சம் நடக்கலாம், அந்தக் கொஞ்சத்துக்கே உடம்பெல்லாம் வேர்த்துப் போகும், தூரம் போக என்றைக்கும் சக்கர நாற்காலிதான்.

"நடந்து எங்க போகணும் உங்களுக்கு?"

"ஒரு நாற்காலியச் சுத்தி வந்தா போதும்ங்க."

அவர் தொழில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிசியோ அம்மா யோசித்தார். சுற்றி வந்தால் மட்டும் போதாது, கத்தரிக்கு ஒரு கை, சீப்புக்கு ஒரு கை, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றார். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"கஷ்டம்தான். ஆனா பண்ணலாம்," என்றார் பிசியோ அம்மா.

அளவெடுத்துச் செய்த காலிபர் வந்தது. இரு பக்கமும் உலோகக் கம்பி, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் பட்டை, அடியில் ஷூ, முட்டியில் ஒரு பூட்டு. பூட்டு டக்கென்று விழுந்தால் கால் மடங்காது. மனைவி சட்டை தைக்கும் ஆலையில் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, குனிந்து ஒவ்வொரு பட்டையாக மாட்டினாள். அவர் பயிற்சிக் கூடத்தின் இரண்டு பிடிகம்பிகளுக்கு நடுவே கையை ஊன்றி எழும்பினார். பட்டையைச் சரிபார்த்து முடித்து நிமிர்ந்த மனைவி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இவ்ளோ உயரமா நீங்க. மறந்தே போச்சு."

அவர் ஊன்றிய கை ஓயும்வரை நின்றார்.

நடை சுலபத்தில் வரவில்லை. ஒரு காலில் பாரத்தைச் சாய்க்க வேண்டும், மறுபக்க இடுப்பைத் தூக்க வேண்டும், காலை வீசி முன்னால் வைக்க வேண்டும். பாதம் தரையில் பட்டதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் பூட்டு சரியாக விழாமல் முட்டி மடங்கி மெத்தையில் சரிந்தார். விழுந்தாலும் முறையாகத்தான் விழுந்தீர்கள் என்று பிசியோ அம்மா பாராட்டினார். இதுவரை விழுந்ததற்கு யாரும் என்னைப் பாராட்டியதில்லை என்றார் அவர்.

தினமும் மாலையில் மனைவி அவர் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உணர்ச்சியில்லாத தோல் வலியென்று சொல்லாது. ஒருமுறை கணுக்காலருகே சிவந்த தடம் மறையாமல் புண்ணாகிவிட்டது. அது ஆறும்வரை காலிபர் ஆணியில் தொங்கியது. அதற்குள் சேர்த்து வைத்த பலமெல்லாம் கரைந்துபோயிற்று. சாண் ஏறினால் முழம் சறுக்கிய அந்த நாட்களில் அவர் வாசலுக்குக்கூட வரவில்லை. மச்சினன் மட்டும் தினமும் வந்து, கடையில் தான் செய்த பிழைகளை ஒன்றுவிடாமல் சொல்லிக் கேட்கவைத்தான். கேட்கக் கேட்க இவருக்குக் கோபம் ஏறியது. புண் ஆறிய மறுநாளே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார்.

கையை விட்டு நிற்கும் வித்தையைப் பிசியோ அம்மா அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். இடுப்பை முன்னால் தள்ளி, மார்பைப் பின்னால் சாய்த்து, உடம்பை வில் மாதிரி வளைக்க வேண்டும். அந்த வளைவு சரியாக அமைந்தால் உடம்பு தன்னையே தாங்கும். முதலில் கண் இமைக்கும் நேரம் நின்றார். பிறகு ஒரு மூச்சு. பிறகு பேசிக்கொண்டே நின்றார். பக்கவாட்டில் கால் எடுத்து வைக்கவும் பழகினார். நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முதுகைப் பிடித்து நகர்வார், நிற்பார், வில்லாக வளைவார், இரு கையையும் விடுவார். பயிற்சிக்காகப் பிசியோ அம்மாவே அதில் உட்கார்ந்தார். வெறும் சீப்பு மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு.

அவர் மறுபடி கடைக்குப் போன காலையில் மச்சினன் சக்கர நாற்காலி ஏற வாசலில் பலகையைச் சரிவாகப் போட்டிருந்தான். உள்ளே பழைய வாடிக்கையான மீசைக்காரர் ஒருவர் காத்திருந்தார், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவுக்கும் போகாமல், மச்சினனையும் தொடவிடாமல், முடியைக் காலர்வரை வளர்த்து வைத்திருந்தார். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் ஓட்டிய வண்டி எதுவும் நேரத்துக்குப் போனதில்லை என்றார்.

மனைவி பூட்டுகளைத் தட்டிப் பார்த்து விலகினாள். அவர் எழுந்தார். இடது காதில் தொடங்கினார். கத்தரியின் சத்தம் கேட்டதும் தெருவில் போனவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். பிடரிக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது காதுக்கு நகரும்போது உடம்பு ஆடியது. மச்சினன் பாய்ந்து வந்தான்.

"தொடாதடா."

நாற்காலியின் முதுகைப் பிடித்தார், மூச்சை இழுத்தார், இடுப்பை முன்னால் தள்ளினார். உடம்பு நின்றது. கையை விட்டார். கத்தரி மறுபடி பேசியது.

சுற்று முடிந்தது. மீசைக்காரருக்குப் பின்னால் சிறிய கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பிடரி இப்பத்தான்யா பிடரி மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, அப்படியே மீசையையும் பார்த்துவிடச் சொன்னார்.

சலூன்காரர் முன்பக்கம் வந்து நின்று அதையும் முடித்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மனைவி சக்கர நாற்காலியை நகர்த்தி வந்தாள். முட்டிப் பூட்டை விடுவித்து உட்கார்ந்தபோது அவர் தோள் இரண்டும் தீயாக எரிந்தன. வாய்கொள்ளாச் சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், உட்காருங்கள் என்று பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னார்.