மேனேஜரை எடுத்த காரணம்

1968-ஆம் வருஷம் மாசி மாதம். ஜில்லா லீக்கில் பாதி ஆட்டம் முடிந்து பாதி பாக்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, பொம்மிடி யூனியன் கால்பந்து கிளப் தன் மேனேஜர் தீர்த்தகிரியைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் என்னவென்று கமிட்டி வாயைத் திறக்கவில்லை. அவர்கள் திறக்காவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை, சலூன், ரயில்வே கேட் என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இதே பேச்சுதான்.

அதிகமாகக் கொதித்தவர் புளி மண்டி அப்துல் சுபான். கிளப் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. தீர்த்தகிரி ரயில்வேயில் பிட்டராக இருந்தவர். டூட்டி முடிந்த கையோடு மைதானத்துக்கு வந்து, முள் வெட்டி, மேடு நிரவி, கண்டபடி பந்தை உதைத்துக்கொண்டிருந்த பையன்களை ஒரு டீமாக்கியவர். அப்படிப்பட்ட மனுஷனை நடுவில் கழற்றிவிட்டது சுபானுக்குச் சோறு இறங்காத விஷயமாகிவிட்டது.

"பிரசிடெண்டு பண்ண வேலை இது" என்றார் மண்டியில் உட்கார்ந்து. "டிரில் மாஸ்டர் காளியப்பன் அவருக்குச் சொந்தம். சொந்தக்காரனை உள்ள கொண்டாரதுக்கு இவரை வெளிய தள்ளிட்டாங்க."

எதிரே மூட்டைமேல் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் விவசாயி. புளி போட வந்தவர், போட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அட போங்க பாய். வரிசையாத் தோத்தா யாரா இருந்தாலும் எடுக்கத்தான் செய்வாங்க. ஆண்டியை வெளிய உக்கார வச்சாரே, அதுக்கு என்னா சொல்றீங்க?"

ஆண்டி சித்தேரி மலைப் பையன். பொம்மிடியில் மரக்கடையில் வேலை. வலது ஓரத்தில் பந்து கிடைத்தால் அவனைப் பிடிக்க ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஆனால் வெறுங்காலோடுதான் ஆடுவான். பூட்ஸ் மாட்டினால் சேற்றில் இறங்கிய மாடு மாதிரி தடுமாறுவான். இந்த வருஷம் தீர்த்தகிரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: பூட்ஸ் போடாதவன் என் டீமில் ஆட முடியாது. ஆண்டி வெளியே உட்கார்ந்தான். டீம் தோற்றது.

"எதிராளி எல்லாம் பூட்ஸ் போட்டு ஆடறான் கவுண்டரே. வெறுங்கால்ல ஏறி மிதிச்சா பையன் கால் என்னாத்துக்கு ஆவும்? மேனேஜர் சொன்னது நியாயம்."

"நியாயத்தைச் சொல்லிக்கிட்டு கடைசி எடத்துல நிக்கச் சொல்றீங்களா?"

சாயங்காலம் வரைக்கும் பேசியும் முடிவு வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் சுபான் விடவில்லை. ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு பிரசிடெண்டையே வைதுகொண்டிருந்தார். அவர் மனைவி வஹிதா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் கேக்கறீங்களே, அந்த மனுசனையே கேட்டுப் பாத்தா என்னா?"

"அடிபட்டவர்கிட்டப் போயி எங்க வலிக்குதுன்னு கேக்கறதா?"

"வேற யாருக்குத் தெரியும், எங்க வலிக்குதுன்னு?" என்றபடி அவள் குழம்பு ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஆட்டம். காளியப்பன் பொறுப்பேற்ற பிறகு முதல் ஆட்டம். கிளப்காரர்கள் காலை வண்டியிலேயே போய்விட்டார்கள். சுபானும் மாரப்பனும் மத்தியானப் பாசஞ்சரைப் பிடித்தார்கள். உள்ளே ஏறினால் ஜன்னலோரம் தீர்த்தகிரி உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு துண்டு. இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

சுபான் பக்கத்தில் உட்கார்ந்தார். "சேலத்துல ஏதாவது சோலிங்களா?" என்றார்.

"ஆட்டம் பாக்கத்தான் பாய். வேற என்னா சோலி?"

புட்டிரெட்டிப்பட்டி தாண்டும்வரை வெயிலையும் புளி விலையையும் பற்றிப் பேசினார்கள். லோகூர் மலையில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தபோது தீர்த்தகிரியே சிரித்துவிட்டார்.

"மண்டியில தெனமும் என் பேச்சுதானாமே. என்னை எதுக்கு எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சீங்களா? கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. என்கிட்ட 'போதும்ங்க'ன்னு மட்டும்தான் சொன்னாங்க."

சுபான் இதற்காகவே காத்திருந்தவர் போல பிரசிடெண்டு, சொந்தக்காரன் கதையை எடுத்துவிட்டார். தீர்த்தகிரி முழுசாகக் கேட்டார்.

"காளியப்பன் அவருக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம் பாய். பேச்சுவார்த்தைகூட இல்லாம இருந்தாங்க."

"அப்ப பூட்ஸு விவகாரம்தான்" என்று மாரப்பன் குறுக்கே வந்தார். "நான்தான் சொன்னனே."

தீர்த்தகிரி செருப்பைக் கழற்றி வலது காலை நீட்டிக் காட்டினார். பெருவிரலும் அடுத்த விரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மடங்காமல் நின்றன. "ஜோலார்பேட்டையில ஆடறப்ப ஒருத்தன் பூட்ஸோட ஏறுனான். அதோட என் ஆட்டம் முடிஞ்சுது. அந்தப் பையனுக்கு இப்படி ஆவக்கூடாதுன்னு நெனச்சன். வேற ஒண்ணுமில்ல."

"கேட்டீங்களா?" என்று சுபான் மாரப்பனைப் பார்த்தார். இதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா என்பது போல இருந்தது அவர் முகம்.

சேலம் மைதானத்தில் மூன்று பேரும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். டீம் இறங்கியது. வலது ஓரத்தில் ஆண்டி. வெறுங்கால்.

சுபானுக்குச் சுருக்கென்றது. திரும்பித் தீர்த்தகிரியைப் பார்த்தார். அவர் முழங்காலில் கை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார்.

முதல் பாதியிலேயே ஆண்டி ஒரு கோல் போட்டான். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுக் கோட்டோரமாகப் போய், கோல்கீப்பர் வெளியே வருவதற்குள் தட்டிவிட்டான். மாரப்பன் துண்டைச் சுழற்றினார். சுபான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ எழுந்து நின்று கைதட்டும் சத்தம். பார்த்தால் தீர்த்தகிரி.

"நீங்க எதுக்குங்க தட்டறீங்க?" என்றார் சுபான், கோபத்தை அடக்க முடியாமல்.

"கோல் போட்டா தட்ட மாட்டாங்களா?"

சேலத்துக்காரர்கள் ஒன்று திருப்பினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஆண்டி இரண்டாவதையும் போட்டான். பந்து வலைக்குள் போன அதே வேகத்தில் எதிர் டீமில் பின்னால் காவல் நின்ற பேக் ஆட்டக்காரன் அவன்மேல் வந்து விழுந்தான். ஆண்டி எழுந்திருக்கவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் ஊர்க்காரர்கள் கூவிக்கொண்டிருக்க, தீர்த்தகிரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். சுபானும் பின்னால் ஓடினார். ஆண்டியின் இடது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. காளியப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தீர்த்தகிரி ஆண்டி பக்கத்தில் குந்தினார். துண்டை நனைத்துப் பாதத்தில் இறுகச் சுற்றினார். பலகைத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"இருக்குதுங்க அண்ணா." ஆண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "ரெண்டு கோலையும் பாத்தீங்களா?"

"பாத்தன்டா. ரெண்டாவது இன்னும் நல்லா இருந்துது."

ஆண்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு காளியப்பன் போனார். மற்றவர்கள் சாயங்கால வண்டி ஏறினார்கள். பொம்மிடி வந்து சேரும்வரை சுபானின் வாய் மூடவில்லை.

"இப்ப என்னா சொல்றாங்க? நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சா இல்லியா? நாளைக்கே நான் பிரசிடெண்டு வூட்டுக்குப் போறன். மறுபடியும் உங்களைத்தான் போடணும்."

"போவாதீங்க பாய்."

"ஏன்? உங்களை எடுத்தது தப்புன்னு ஆயிடுச்சே."

"தப்பில்ல. எடுத்தது சரிதான்."

சுபானுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. தூங்கி வழிந்துகொண்டிருந்த மாரப்பனே நிமிர்ந்தார்.

"அவன் இன்னிக்கு ஓடுனானே, எனக்குக் கீழ ஒரு நாளாவது அப்படி ஓட வுட்டனா?" என்றார் தீர்த்தகிரி. "பூட்ஸை மாட்டு, இல்ல உக்காருன்னன். உனக்கு என்னாடா தோணுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கால் அவன் கால். அவன் முடிவு பண்ணியிருப்பான். நான் அவனுக்கும் சேத்துப் பயந்துட்டன். பயந்தவன் டீம் நடத்தக் கூடாது."

"காலு உடைஞ்சிருந்தா?" என்றார் சுபான்.

"உடைஞ்சிருந்தா பாவம்தான். நானும் சொல்லல, அது ஒண்ணுமில்லன்னு."

"அப்ப நீங்க சொன்னது சரியா, அவங்க செஞ்சது சரியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

வண்டி பொம்மிடிக்குள் நுழைந்தது; தீர்த்தகிரி எழுந்து வாசல் பக்கம் போனார். சுபானுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் யாருக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாரோ, அந்த ஆளே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? ஸ்டேஷனில் இறங்கி, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார். விஷயத்தைக் கேட்டு வஹிதா சிரித்தாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டிக்குப் பாதத்தில் எலும்பு விரிசல். அந்த வருஷம் அவன் ஆடவில்லை. அவன் இல்லாத டீம் மறுபடி தோற்க ஆரம்பித்தது. மண்டியில் பேச்சு மாறியது. காளியப்பனை எடுக்க வேண்டும் என்று இப்போது மாரப்பனே சொன்னார். சுபான் இரண்டு வாரம் யாருடனும் சேரவில்லை. மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. மைதானத்துக்குப் போனார். தீர்த்தகிரி வேலியோரம் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சுபான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றும் கிளப் பின்தங்கியிருந்தது. "காளியப்பனைத் தூக்கு! காளியப்பனைத் தூக்கு!" என்று பின்னாலிருந்து பத்திருபது பேர் கத்தினார்கள். மாரப்பனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"நீங்க என்னாங்க சொல்றீங்க? எடுத்துடலாமா?" என்று சுபான் கேட்டார்.

"எடது பக்கத்து பேக்கு தன் எடத்தை வுட்டு முன்னால ஏறி நிக்கறான், பாத்தீங்களா பாய்?" என்றார் தீர்த்தகிரி, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவனைப் பின்னால எறங்கச் சொன்னா போதும். டேய், எறங்குடா!"

சுபான் வாயருகே கை குவித்தார். அவரும் சேர்ந்து கத்தினார்.