எடைக்கு எடை

மந்தாரக்குப்பத்தில் என் டீக்கடைக்கு வருகிற ஆண்களுக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குப் போகத் தோன்றாது. குடித்து முடித்த கிளாஸ்களைப் பெஞ்சில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மெட்ராஸ் குத்துச்சண்டைக்காரர்களில் யார் பெரியவன் என்று அடித்துக்கொள்வார்கள். ஒரு கிளாஸ் ஒரு ஆள். முதல் கிளாஸ் யார் என்பதில்தான் தகராறு. பாதிப்பேர் ஒரு சண்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பேப்பரில் படித்ததும் பிறர் சொன்னதும்தான்.

தங்கராசு அண்ணன் உள்ளூர்க்காரர், சுரங்கத்தில் மண் தள்ளுகிற வேலை. இந்த எடைக் கணக்கைக் கொண்டுவந்தவரே அவர்தான். "பட்டாளத்துப் பீட்டரு ஆனை மாதிரி இருக்கான், அடிக்கிறான். அதுல என்னா அதிசயம்? ஜெர்மன் மிஷினுகூடத்தான் மலைய வெட்டுது. எடைக்கு எடை பாத்தா மம்பட்டி புடிக்கிற நம்ம ஆளுதான் ஒசத்தி" என்பார். எல்லாரையும் ஒரே எடையாக நினைத்துக்கொண்டுதான் வரிசை வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பெஞ்சின் ஓரத்தில் என் வீட்டுக்காரர் வேணு உட்கார்ந்திருப்பார். வாய் திறக்க மாட்டார். ஒல்லி உடம்பு, ஒட்ட வெட்டிய தலை, சப்பை மூக்கு. காற்றடித்தால் விழுந்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராயபுரத்தில் 'சுருட்டை' என்றால் குத்துச்சண்டைக் கொட்டகையே எழுந்து நின்ற காலம் உண்டு. அந்தச் சுருட்டை இவர்தான்.

கடைசி ஆட்டத்தில் வாங்கிய குத்தோடு இடது கண் போயிற்று. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. குறிஞ்சிப்பாடியில் மாமா வீட்டுக்கு வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு இங்கே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். மெடிக்கலில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னபோது, இரண்டு தடவையும் இடது கண்ணையே மூடிக் காட்டித் தப்பித்துவிட்டார். இப்போது ஃபோர்மேன் சிவப்பிரகாசம் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், எல்லாம் வரும். கண் விஷயம் தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும். அந்த ஐயாவும் தினம் அதே பெஞ்சில்தான்.

அதனால் நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். டீயை எப்போதும் என் வீட்டுக்காரரின் வலது கைப்பக்கமே வைப்பேன். ஆனால் அந்தக் கிளாஸ் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், அவர் பேரை யாராவது ஒருத்தர் சொல்லக் கேட்க மாட்டோமா என்று ஏங்குவேன். அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சி போச்சி கனகம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். ஊரே பார்த்த மனுஷனை நான் மட்டும் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, மெட்ராஸிலிருந்து புதிதாகக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த குழந்தைவேல் என்பவர் டீ குடிக்க வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடைக்கு எடைன்னா, ராயபுரம் சுருட்டைய வுட்டுட்டு யார வெச்சிகினு இருக்கீங்க?" என்று ஒரு காலி கிளாஸை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் கவிழ்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

வேணு நிமிர்ந்தார். "அவ்ளோ பெரிய ஆளாங்க அவரு?"

இந்தப் பெஞ்சில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தூரத்து சீட்டிலிருந்து தான் பார்த்ததையெல்லாம் குழந்தைவேல் சொன்னார். சுருட்டை கால் வைப்பது கண்ணுக்கே தெரியாதாம். தன்னைவிட ஒன்றரைப் பங்கு கனமானவனை மூலையில் நிறுத்தி, அவன் கையைத் தூக்குமுன் மூன்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாராம். என் வீட்டுக்காரர் "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் முதல் தடவையாக அவர் சண்டையைப் பார்த்தேன்.

பேச்சு கடைசி ஆட்டத்துக்கு வந்தது. இடது கண்ணில் விழுந்த குத்தில் பார்வையே போய்விட்டது என்று குழந்தைவேல் சொல்லும்போது, தங்கராசு அண்ணன் நான் நீட்டிய டீயை வாங்கி வேணுவின் இடது பக்கம் வைத்தார். வேணு அசைந்ததும் முழங்கை பட்டு டீ கொட்டியது. எது கொட்டியது என்று தெரியாமல் அவர் கை பெஞ்சைத் துழாவியது. குழந்தைவேல் பேச்சை நிறுத்தினார். கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார்.

"கண்ணு போனவன் இப்ப எங்க இருக்கானாம்?" என்றார் சிவப்பிரகாசம் ஐயா. அவரும் துழாவுகிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துட்டாருங்க" என்றார் குழந்தைவேல். "போன வருசமே. சுடுகாடு வரைக்கும் நானே போயிட்டு வந்தேன்."

ஐயா உச்சுக்கொட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். செத்தவனோடு மல்லுக்கு நிற்க முடியுமா, முதல் இடம் அவனுக்கே இருக்கட்டும் என்று தங்கராசு அண்ணன் விட்டுக்கொடுத்தார்.

"பாவம்" என்றார் வேணு.

எல்லாரும் போன பிறகு, குழந்தைவேல் அந்த முதல் கிளாஸை நிமிர்த்தி என்னிடம் நீட்டினார். டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரரின் வலது கைப்பக்கம் அதை வைத்துவிட்டு, இறங்கிப் போனார்.

வேணு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. பர்மனென்ட் ஆனதும் ஒரு நாள், ஊர் கேட்க அவரைச் சுருட்டை என்று கூப்பிட வேண்டும் என்றிருந்தேன். இனி அதுவும் முடியாது.