நாற்பத்தேழாவது புளியங்கொட்டை

ஆஸியா பீவி கடைசியாகக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு வயது ஒன்பது. இப்போது இருபத்தெட்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த திருமலைராயன் பட்டினத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து பட்டினச்சேரிக் கடற்கரை கூப்பிடு தூரம்தான். கார்த்திகை மாதத்தில் அலைச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். காதால் கேட்டுக்கொள்ளலாம், காலால் போகக் கூடாது. பெண் கொஞ்சம் உயரமாகிவிட்டால் உள்ளே உட்கார வைத்துவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கணவன் நெய்னா முகம்மது சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய கையோடு போனவர், இந்த ஏழு வருடத்தில் இரண்டு தடவை வந்தார். வந்த அடையாளமாகப் பித்தளைப் பூட்டு ஒன்றும் பிஸ்கோத்து டப்பா ஒன்றும் வீட்டில் இருந்தன. மகள் மெஹர் பானு மூன்று வயதில் அவரை வழியனுப்பினாள். இப்போது அவளுக்குப் பத்து.

வீட்டில் இருவர் மட்டுமே. பகலெல்லாம் பள்ளிக்கூடம் மெஹரை வைத்துக்கொள்ளும். ஆஸியா நான்கு சுவரோடு இருப்பாள். சில நாள் மீன்காரி அஞ்சுகத்தைத் தவிர வேறு ஆளிடம் பேசியிருக்க மாட்டாள். அந்தத் தனிமையிலிருந்துதான் இந்த விளையாட்டு பிறந்தது.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் அஞ்சுகத்தோடு மெஹர் கடற்கரைக்குப் போவாள். போகுமுன் ஆஸியா ஒரு கேள்வி கொடுத்தனுப்புவாள். நண்டு வளைக்கு வாசல் ஒன்றா இரண்டா? மழை தூறினால் கடல்காக்கா எந்தப் பக்கம் பறக்கும்? ஈர மணலில் கால் வைத்தால் சுற்றிலும் ஏன் வெளுத்துப் போகிறது? எல்லாம் ஒன்பது வயதில் அவள் கையோடு வீட்டுக்குள் கொண்டுவந்து, பதில் தெரியாமலே வைத்திருந்த கேள்விகள். மெஹர் விடை கொண்டுவருவாள். கூடவே பத்துப் புதுக் கேள்வியும் கொண்டுவருவாள். பாவாடையிலிருந்து மணல் கொட்டும். ஆஸியா அதைக் கூட்டாமல் ஒரு நாள் அப்படியே விட்டுவைப்பாள்.

மாசி பிறந்ததும் ஒரு வியாழக்கிழமை மெஹர் ஓடிவந்தாள்.

"உம்மா, கடல்லேர்ந்து ஆமை ஏறி வந்திருக்கு! தடத்தப் பாத்தேன். சவுக்குத் தோப்புக்குக் கீழ குழி பறிச்சு முட்ட போட்டு மூடிட்டுப் போயிடுச்சாம். நாய் தோண்டாம அஞ்சுகம் முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க."

"எப்ப பொரிக்குமாம்?"

"நாப்பத்தஞ்சு நாளு, அம்பது நாளுங்கறாங்க."

பிஸ்கோத்து டப்பாவைக் காலி செய்தார்கள். நாளுக்கு ஒரு புளியங்கொட்டை. காலையில் பல் துலக்குகிறாளோ இல்லையோ, மெஹர் கொட்டை போட மறப்பதில்லை.

அப்போதுதான் ஆஸியா அந்தத் தவற்றைச் செய்தாள். அவளுக்கு அரபு எழுத்து மட்டும் படிக்க வரும். சைகோனுக்குப் போகிற கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல மெஹர்தான் தமிழில் எழுதுவாள். "ஆமை கதைய வாப்பாவுக்கு எழுது புள்ள. ஒண்ணு விடாம எழுது" என்றாள். தடத்தின் அகலம் எத்தனை சாண், முள்ளைத் தூக்கிப் பார்த்தபோது மணல் எப்படி இருந்தது, வியாழக்கிழமைதோறும் என்னென்ன பார்த்தாள், எல்லாம் நான்கு பக்கம் போயிற்று. பெருமைதான், வேறென்ன? இவ்வளவு சூட்டிகையான பிள்ளையைத் தான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருப்பது ஆஸியாவுக்குத் தாங்கவில்லை. அவரும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டாள்.

முப்பதாவது கொட்டை விழுந்த அன்று பதில் வந்தது. வழக்கம்போல மெஹர் பள்ளிக்கூடத்துக் குரலில் உரக்கப் படித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நலம். கடை பரவாயில்லை. கடிதம் பார்த்தேன். மெஹர் பானு பெரிய பிள்ளையாகிக்கொண்டு வருகிறாள். மீன்காரியோடு கடற்கரையில் சுற்றுவது நம் குடும்பத்துக்கு அழகில்லை. இந்தக் கடிதம் கண்டதும் அதை நிறுத்தவும். நாலு பேர் நாலு விதமாகப் பேச இடம் கொடுக்க வேண்டாம்."

மெஹரின் குரல் எங்கும் தடுமாறவில்லை. கையெழுத்து வரைக்கும் படித்துவிட்டு, கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

ஆஸியா அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியாத எழுத்து. ஆனால் காதில் விழுந்ததை வரிக்கு வரி மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். நான்கு பக்கம் எழுதிய ஆமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'பொரித்ததா?' என்றுகூட இல்லை. நெய்னா முகம்மது கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள்.

அன்றிலிருந்து மெஹர் கேள்வி கேட்பதை விட்டாள். அழுகையோ அடமோ எதுவும் இல்லை. சோறு போட்டால் தின்றாள், பாடம் படித்தாள். வியாழக்கிழமை வந்தால் ஜன்னல் பக்கம்கூடப் போகாமல் தலையணை உறைக்குப் பூப் போட்டாள். "நல்ல புள்ளையா ஆயிட்டா" என்று பக்கத்து வீட்டார் மெச்சினார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தன்னையும் இப்படித்தான் மெச்சினார்கள் என்று ஆஸியாவுக்கு நினைவு வந்தது. டப்பாவை மெஹர் தொடவே இல்லை. அவள் பள்ளிக்கூடம் போனபின் ஆஸியாவே தினம் ஒரு கொட்டை போட்டு வந்தாள்.

நாற்பத்தாறாவது நாள் அஞ்சுகம் மீன் கூடையை இறக்கியதும் இறக்காததுமாகச் சொன்னாள்.

"அம்மா, குழி மேல மணலு உள்வாங்கியிருக்குங்க. நாளைக்கு வெடியக்காலயில வெளிய வந்துரும். பாப்பாவத்தான் காணோம்."

அஞ்சுகம் போனபின் ஆஸியா உள்ளே போய், தைத்துக்கொண்டிருந்த மகளிடம் அதைச் சொன்னாள். மெஹர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி உம்மா" என்றாள். அந்த 'சரி'தான் ஆஸியாவை உலுக்கிவிட்டது. அவள் டப்பாவைக் கொண்டுவந்து மகளின் மடியில் கவிழ்த்தாள்.

"எண்ணு."

மெஹர் எண்ணினாள். நாற்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு போட்டா?"

"சுபுஹுத் தொழுகைக்கு முன்னாடி எழும்பு. நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் நாற்பத்தேழாவது கொட்டையைப் போட்டுவிட்டு இருவரும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். யாராவது பார்த்தால் அடுத்த தபாலிலேயே சைகோனுக்கு எழுதிவிடுவார்கள். முந்தின மாலையே சொல்லியனுப்பியிருந்ததால் தெருமுனையில் காத்து நின்ற அஞ்சுகம் முன்னால் நடந்தாள்.

கிழக்கு வெளுக்கும்போது கடல் தெரிந்தது. இவ்வளவு பெரியதா என்று ஆஸியா நின்றுவிட்டாள். அவள் மனத்தில் வைத்திருந்த கடல் ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணளவுக் கடல். மெஹர் துப்பட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு குழியை நோக்கி ஓடினாள். மணல் அசைந்தது. ஒரு கறுப்பு மூக்கு, பிறகு ஒரு துடுப்புக் கால், பிறகு பொலபொலவென்று உள்ளங்கையளவுகூட இல்லாத குட்டிகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தண்ணீரைப் பார்த்து நகர்ந்தன. காகங்கள் இறங்கின. மெஹர் கத்திக்கொண்டு விரட்டினாள். கத்தலுக்கு நடுவே எண்ணவும் செய்தாள்.

"எழுபத்தொண்ணு உம்மா! தண்ணி எங்க இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா? இந்த ஒண்ணு ஏன் திரும்பிப் போவுது? அஞ்சுகம், தாய் ஆமை வந்து பாக்காதா?"

"வராது பாப்பா. முட்டயப் போட்டதோட சரி. அது எந்தச் சீமையில நீந்துதோ."

ஆஸியாவுக்குச் சுருக்கென்றது. பதினேழு நாளுக்குப் பிறகு பிள்ளை கேள்வி கேட்கிறாள் என்ற சந்தோஷமும் கூடவே வந்தது. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். கடற்காற்றில் முகம் நனைவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். ஆஸியா சொன்னாள், மெஹர் எழுதினாள். சலாம். இங்கே நலம். பணம் வந்தது. கூரைக்கு ஓடு மாற்றினோம். எட்டு வரியில் விஷயம் தீர்ந்துபோயிற்று. மெஹர் பேனாவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமைய எழுதவா?"

"வேணாம்."

இதுவரை அவரிடம் மறைக்க ஆஸியாவிடம் ஒன்றும் இருந்ததில்லை. பிள்ளையின் வியாழக்கிழமைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இனி அவருக்கு அனுப்ப ஓட்டுக் கணக்குதான் மிஞ்சும். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு தொலைவில் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மெஹர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பொரிச்சுச்சான்னு வாப்பா கேட்டா என்ன உம்மா சொல்றது?"

"கேக்க மாட்டாங்க" என்றாள் ஆஸியா. பிறகு கடிதத்தை வாங்கி மடித்தாள்.