சங்குக் காளையை அறுக்கலாமா

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் நண்பன் அப்துல் ஹமீதின் நாவலுக்குப் போன மாதம் ஒரு பெரிய பரிசு கிடைத்தது. நானும் அவனும் பினாங்கில், டத்தோ கிராமாட்டில் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். ஒரே கடையில் தேநீர் குடிக்கிறோம். எழுத ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். மாலை போட்டுக்கொண்டு மேடையில் நின்றவன் அவன், கீழே நின்று கைதட்டியவன் நான். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அவ்வளவு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து, அவனுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு பல்வலி போதும். மறுநாள் அவன் முகம் தெளிந்து கடைக்கு வந்து, இரண்டாவது வடை கேட்டு வாங்கித் தின்றான். என் பொறாமைக்கு ஒரு தும்மல் வரவழைக்கக்கூடச் சக்தி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் ஒரு பத்திரிகை என்னிடம் ஆந்த்ராக்ஸ் பற்றிக் கட்டுரை கேட்டது. (அவனிடம் நாவல் கேட்பார்கள். என்னிடம் மாட்டு நோய்.) மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான் அது. கட்டுரைக்காகப் படிக்கப் படிக்க, ஒரே ஒரு மாட்டையாவது தன் பொறாமையால் சாய்த்த ஒருவனைப் பற்றி எழுத ஆசை வந்தது. அவன்மேலும் எனக்குப் பொறாமைதான்.

2

முதல் தொடக்கம்: "சுங்கை பினாங் ஆற்றின்மேல் சூரியன் மெல்ல—"

அடித்துவிட்டேன். சூரியனை வைத்துத் தொடங்குவது ஹமீதின் வழக்கம்.

இரண்டாவது: "அய்யாக்கண்ணு மாட்டைப் பார்த்தான். அவன் கண்—"

இதுவும் வேண்டாம். கண்ணேறு பற்றிய கதையில் நாயகனுக்குக் கண்ணு என்று பெயர் வைத்தால் நீங்கள் சிரிப்பீர்கள். பெரியகருப்பன் என்று மாற்றிவிட்டேன். மூன்றாவது நிற்கட்டும்:

பெரியகருப்பன் சுங்கை பினாங்கில் மாட்டுவண்டி வைத்துப் பிழைத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்கு அரிசி மூட்டை ஏற்றுவது அவன் தொழில். அவனுடைய இரண்டு வெள்ளைக் காளைகளும் ஊரில் பேர் வாங்கியவை. ஆனால் அந்த வருடம் தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் இழுக்க, அடுத்த கொட்டில்காரனான முத்துவீரப்பனின் ஜோடியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த ஜோடியில் வலப்பக்கக் காளையின் பெயர் சங்கு.

தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் சனம் வழிநெடுகத் தேங்காய் உடைக்கும். முருகனுக்கு முன்னால் நடப்பது அந்த இரண்டு மாடுகள்தான். பெரியகருப்பனுக்கு அதில்தான் உயிர் இருந்தது.

3

அவன் கெட்டவன் இல்லை. (இந்த வாக்கியத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் இருக்கட்டும்.)

தினமும் வேலை முடிந்ததும் முத்துவீரப்பனின் கொட்டிலுக்குப் போய் நிற்பான். சங்குவின் திமிலைப் பார்ப்பான், கொம்பைப் பார்ப்பான், அதன் முன்னால் குவிந்திருக்கும் பச்சைப் புல்லைப் பார்ப்பான். தன் மாட்டில் என்ன குறை என்று எண்ணிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், அதனாலேயே இன்னும் வெந்து போவான். ஒருநாள் சாயங்காலம் நாலு பேர் இருக்கும்போது வாய்விட்டுச் சொன்னான்:

"இந்தத் திமிலு ஒண்ணு போதும்லா. தேரு தன்னால மலை ஏறிடும்."

வாய் அப்படிச் சொல்லும்போது வயிறு வேறொன்றைச் சொன்னது. செத்துத் தொலை என்றது. அது வயிற்றுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் சங்கு விழுந்தது. நோய் என்று படுக்கவில்லை, தீனி மறுக்கவில்லை. நின்ற இடத்தில் நடுங்கி, முன்னங்கால் மடிந்து சாய்ந்துவிட்டது. மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் வழிந்தது, வெகுநேரம் ஆகியும் உறையவில்லை.

செய்தி கேட்டதும் பெரியகருப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது.

4

* கட்டுரைக்காகச் சேர்த்தவற்றை வீணாக்க மனமில்லை. ஆந்த்ராக்ஸ் என்பது கிரேக்கத்தில் நிலக்கரி. மனிதத் தோலில் இந்த நோய் வந்தால் புண்ணின் நடு கரியைப் போலக் கறுத்துவிடும். வலிக்காது. ஜெர்மானியர் இதை மண்ணீரல் எரிச்சல் என்கிறார்கள், செத்த மாட்டின் மண்ணீரல் கறுத்து வீங்கிக் குழைந்து கிடப்பதால். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

* இதன் வரலாற்றிலும் கிருமிக்குக் குறையாமல் வயிற்றெரிச்சல் இருக்கிறது. இந்தக் கிருமி காற்றுப் பட்டால் விதை போல இறுகிக்கொண்டு நெடுங்காலம் சாகாமல் கிடக்கும் என்று கண்டு சொன்னவர் ராபர்ட் கோக். ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் கூட்டத்தின் நடுவே வென்று காட்டியவர் லூயி பாஸ்டர். ஒருவர் புகழ் மற்றவருக்குப் பொறுக்கவில்லை. ஜெனிவாவில் சபை நடுவே முட்டிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே அந்தக் கதி என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

* புதைத்த மாட்டின் விதைகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவரும் என்றும் பாஸ்டர் சொன்னார். புதைத்ததெல்லாம்— (இந்த வாக்கியத்தை முடித்தால் தத்துவமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

5

அரசாங்க மாட்டு டாக்டரின் உதவியாள் இஸ்மாயில் வந்து, சங்குவின் காதில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் போனார். மதியம் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"அடைப்பான்தான் அண்ணே. பூதக்கண்ணாடியில பாத்தாச்சு. அறுக்கக் கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. உடம்பு மூடியே இருந்தா உள்ள இருக்கிற கிருமி மாட்டோட சேந்து அழுகிச் செத்துரும். கத்தி பட்டுக் காத்து உள்ள போச்சு, வெத கட்டிக்கும். நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் இந்த மண்ணுல கெடக்கும்."

முத்துவீரப்பன் மாட்டின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். "எங்கேர்ந்து தம்பி வந்துச்சு?"

"புல்லு எங்க அறுத்தீங்க?"

"ஆத்தோரம். தேரு மாடாச்சேன்னு நல்ல செழிப்பான புல்லாப் பாத்து அறுத்துப் போட்டேன்."

"அங்க முன்னாடி மாடு பொதச்சிருக்காங்க அண்ணே."

முத்துவீரப்பன் கட்டுத்தறியில் நின்ற மற்றக் காளையைப் பார்த்தான். பிறகு நிதானமாகக் கேட்டான்: "ரெண்டு மாடும் ஒரே புல்லத்தான் தின்னுச்சு. அது நிக்குது. சங்கு மட்டும் ஏன் விழுந்துச்சு?"

இஸ்மாயிலுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும்: உள்ளே போன விதையின் அளவு, வாயில் ஒரு சின்னக் கீறல், மற்றபடி தற்செயல். ஆனால் மாட்டைப் பறிகொடுத்தவனிடம் தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கூடி நின்றவர்களில் யாரோ சொல்ல, எல்லோரும் ஓரமாக நின்ற பெரியகருப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

6

சாவு விழுந்த கொட்டிலின் மாட்டைத் தேரில் பூட்ட முடியாது. எனவே நாளைத் தேருக்குப் பெரியகருப்பனின் ஜோடி வரட்டும் என்று கோயிலிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஆசைப்பட்டது கையில் வந்து விழுந்தது. ஊர் வேறு என்ன நினைக்கும்?

அவன் மனைவி விசாலம் பசாருக்குப் போன வேகத்தில் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.

"என்னப் பாத்ததும் புள்ளைய முந்தானையில மூடிக்கிறாளுங்க. கொல்லுறது உங்க கண்ணு, அசிங்கப்படுறது நானா?"

"நான் ஒண்ணும் செய்யல."

"செய்யலன்னு சொல்றீங்க. நினைக்கலன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தான்.

(விசாலத்தை இன்னும் கொஞ்சம் பேச வைத்திருக்கலாம். ஹமீது பேச வைத்திருப்பான். அவன் கதைப் பெண்களைப் பற்றித்தான் பரிசு விழாவில் எல்லோரும்— போகட்டும்.)

7

ஆற்றங்கரையில் குழி வெட்டியாகிவிட்டது. சங்குவை உள்ளே இறக்கியாகிவிட்டது. சுண்ணாம்பு வண்டி வரவில்லை என்று இஸ்மாயில் தேடிப் போயிருந்தார். காவலுக்கு முத்துவீரப்பன் மட்டும் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தான்.

"நான் கொல்லல, முத்துவீரப்பா."

"நீ கொன்னேன்னு நான் சொல்லலையே. கண்ணு கொன்னுச்சு."

"கண்ணு பட்டுச் செத்த மாட்டுக்கு மண்ணீரல் கறுத்து வீங்கியிருக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

"எங்க ஊர்லயும் அதான்."

(இப்படி ஒரு நம்பிக்கை எங்காவது உண்டா என்று கேட்காதீர்கள். நான் உண்டாக்கியதுதான். கதைக்குத் தேவைப்பட்டது.)

"அறுத்துப் பாத்துருவோம். கறுக்காம இருந்தா, நான் கொல்லலன்னு ஊருக்கு முன்னால நீ வாயத் தொறந்து சொல்லணும். கறுத்திருந்தா என் மாட்ட நாளைக்குத் தேருல பூட்ட மாட்டேன். என்னைக்குமே பூட்ட மாட்டேன்."

முத்துவீரப்பன் குழிக்குள் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"அறு. எனக்கும் தெரியணும்."

பெரியகருப்பன் குழிக்குள் இறங்கினான். இஸ்மாயில் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் பேரப்பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை, பசாரில் விசாலத்தைப் பார்த்து மூடிய முந்தானைகள் இன்றைக்கு மூடியவை. வயிறு குளிர்ந்த அந்த ஒரு கணம் வேறு அவனை விடவில்லை. ஊருக்குத் தெரிவது இருக்கட்டும், அவனுக்கே தெரியவேண்டியிருந்தது.

8

முடிவு அ: அறுக்கிறான். மண்ணீரல் கறுத்து, வீங்கி, கைபட்டதும் குழைகிறது. நோயின் வேலை அது, நானும் நீங்களும் அறிவோம். அவன் அறியான். தன் பொறாமையைத் தன் கையாலேயே தொட்டுவிட்டதாக நினைத்து மாடுகளைத் தேரிலிருந்து விலக்கிக்கொள்கிறான். சில நாளில் முழங்கையில் ஒரு கொப்புளம் அரிக்கிறது, நடுவில் கறுக்கிறது. வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு ஆ: அறுக்காமல் ஏறி வருகிறான். அவன் மாடுகள் தேர் இழுக்கின்றன. தண்ணீர்மலை வரை கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறான், எந்தக் கண் தன் மாட்டின்மேல் விழுகிறது என்று. சாமியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முடிவு இ: சுண்ணாம்பு வண்டியோடு இஸ்மாயில் ஓடிவந்து தடுத்து— இல்லை. வண்டிச் சத்தத்தில் முடியும் கதையை ஹமீது படித்தால் சிரிப்பான்.

9

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். எது நல்ல முடிவு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஹமீதின் மனைவி ஹபீபா பீவி.

"அண்ணே, அவருக்கு விடியக்காலையில நெஞ்சு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். உங்களப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு கணம்தான்.

நான் படித்தவன். நெஞ்சு வலி எதனால் வரும் என்று எனக்குத் தெரியும், அவன் தின்ற வடைகளும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஒரே தட்டுதான் இருந்தது. அவன் மட்டும் ஏன் விழுந்தான் என்று முத்துவீரப்பன் கேட்கிறான், என்னிடம் பதில் இல்லை. ஹமீதைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பதென்றால் இந்தக் கண்ணால்தானே பார்க்க முடியும்?

பெரியகருப்பன் இன்னும் குழிக்குள் கத்தியோடு நிற்கிறான். உள்ளே கறுத்துத்தான் இருக்கும், ஆனால் அது உன்னால் இல்லையப்பா என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது, இன்றைக்கு எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். அவன் நம்பினானா என்று மட்டும் சொல்லுங்கள். நம்பினான் என்றால் நானும் கிளம்பிவிடுவேன்.