பத்து எண்ணாத சண்டை

அறிவுமதிக்குக் கை குட்டை. பாக்சிங்கில் அதைவிடப் பெரிய சாபம் வேறில்லை. நீளக் கைக்காரிகள் தூர நின்றே மூக்கில் குத்துவார்கள். அத்தனை அடியும் வாங்கிக்கொண்டு இவள் நெருங்கிப் போய் ஆளைக் கட்டிப் பிடித்தால், நடுவர் வந்து பிரித்து விட்டுவிடுவார். ஐயோ, எத்தனை தரம் பல்லைக் கடித்திருப்பாள்!

அதனால்தான் எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைப் பக்கம் போனாள். அதில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துத் தரையில் உருளலாம்.

"இதெல்லாம் ஒரு சண்டையா அறிவு? குழாயடில கூட இப்படித்தான் உருளுறாங்க," என்றான் அருள்தாஸ். திருக்கோகர்ணத்து பாக்சிங் கிளப்பில் அவளோடு பயிற்சி எடுக்கிறவன். "பாக்சிங்னா ரெண்டே கை. அதுக்குள்ள அம்புட்டு வித்தை இருக்கு."

"இருக்குண்ணே. ஆனா அது முடியிற எடத்துலதான் இது ஆரம்பிக்குது."

அம்மா மருதாயிக்கு இரண்டுமே ஆகாது. போன வருஷம் பாக்சிங்கில் மகள் விழுந்து கிடக்க, நடுவர் குனிந்து நின்று பத்து வரை எண்ணியதை அவளால் மறக்க முடியவில்லை. "ஊரே பாக்க எம்புள்ளைய எண்ணுனான்," என்று கீரனூர் முழுக்கப் புலம்பித் தீர்த்தாள். கடைசியில் ஒரு பேச்சு முடிவாயிற்று. திருச்சியில் நடக்கும் எம்.எம்.ஏ. போட்டியில் ஒரே ஒரு சண்டைதான். தோற்றால் கிளவுஸைப் பரணில் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும்.

சண்டைக்கு அம்மாவும் வந்திருந்தாள். அருள்தாஸ், "சும்மா தொணைக்கு" என்று வந்திருந்தான். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அறிவுமதியின் வலது கை தாடையில் இறங்க, எதிராளி பொத்தென்று விழுந்தாள். பாய்ந்து அமுக்கியிருந்தால் அப்போதே ஜெயித்திருக்கலாம். இந்தப் பைத்தியக்காரி என்ன செய்தாள் தெரியுமா? பாக்சிங் பழக்கத்தில் திரும்பி நடந்து மூலையில் போய் நின்றுகொண்டாள், நடுவர் எண்ணட்டும் என்று! இங்கே எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

விழுந்தவள் எழுந்து ஓடி வந்து, இவள் இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்த்து மேலே விழுந்தாள். முகத்தில் குத்து மேல் குத்து. அறிவுமதிக்குத் திருப்பூர் கண்ணில் தெரிந்தது. பதறிப்போய்ப் புரண்டு எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத! கையப் பிடி, கால அவ கழுத்துக்கு மேல போடு!"

அருள்தாஸின் குரல். கிளப்பில் யார் விழுந்தாலும் "எந்திரி, எந்திரி" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன்!

அறிவுமதி குத்த வந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டு, இடுப்பை உயர்த்தி, முழங்கை முறிகிற மாதிரி அந்தக் கையை இழுத்தாள். இந்த நெருக்கத்தில் கை குட்டையாக இருந்தால் என்ன? எதிராளி வலி தாங்காமல் படபடவென்று தரையைத் தட்டினாள். தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"குழாயடிச் சண்டைய எங்கண்ணே படிச்சீங்க?"

"போன்லதான். சும்மா பாத்தேன்," என்று தலையைச் சொறிந்தான் அருள்தாஸ்.

மருதாயி மகளின் உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். "ஏ புள்ள, நீ கீழ கெடந்தப்ப ஒருத்தனும் எண்ணலியே?"

"இதுல எண்ண மாட்டாங்கம்மா. கீழ கெடந்தாலும் சண்டை போடலாம்."

மருதாயி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "அப்ப இதையே போடு. ஆனா இன்னொரு தடவ மூலையில போயி நின்ன, நானே உள்ள வந்து ஒதைப்பேன்."