கொக்கின் கால்

என் தம்பி எலியூத் காணாமல் போய் மாதங்கள் ஆகியிருந்தன. சுவரொட்டியில் முகம் மட்டும் போதாது, கையில் குத்திய பச்சையையும் போடு என்று சோலே சொன்னாள். அவளும் மகனைத் தேடுபவள்தான். மெக்சிகோவின் ஆகாம்பரோ ஊரில், காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் குழுவுக்கே வாயாடி.

எலியூதின் இடது முன்கையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு ஒன்று இருந்தது. குத்துவதற்கு முன் அவனே நோட்டுத் தாளில் வரைந்த படத்தை நான் வைத்திருந்தேன். ஸ்கேன் செய்து பார்த்தால் நீலக் கோடுகளும் மடிப்பும் காப்பிக் கறையும்தான் முந்திக்கொண்டு தெரிந்தன.

சந்தைக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருந்த எலாதியோவிடம் போனோம். ஊருக்குப் புதியவன். எப்போதும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான்.

"உங்க தம்பி வரைஞ்சதா, தோன்யா பிரிஸ்கா? நான் அவரைப் பார்த்ததே இல்ல," என்றான், அம்மா என்பதுபோல் மரியாதையாகத் தோன்யா போட்டு. பார்த்தாயா என்று நான் கேட்கவே இல்லை.

படத்தின் நிறங்களைப் பிரித்து நீலத்தை மட்டும் வைத்தான்; அதில் நீலக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத் தெரியுமாம், நோட்டுக் கோடுகள் மறைந்தன. வெளுப்பைக் கூட்டி, பேனாக் கோட்டைக் கறுப்பாக்கினான். அடம் பிடித்த கறையைப் பெரிதாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழித்தான்.

"டேய், நீ தேய்க்கிற தேய்ப்புல கொக்கும் காணாமப் போயிடும்," என்றாள் சோலே. "அப்புறம் அதுக்கும் ஒரு போஸ்டர் அடிக்கணும்."

"அதைப் பாதி விலைக்கு அடிச்சுத் தர்றேன், தோன்யா." அவன் வாய் மட்டும்தான் சிரித்தது.

படம் பளிச்சென்று வந்துவிட்டது. போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, கொக்கின் காலை முட்டிக்குக் கீழே வெட்டி, சற்று இடப்பக்கம் நகர்த்தினான்.

"காலை ஏன் முறிக்கிறே? அவன் நேராத்தானே வரைஞ்சிருக்கான்?"

"தாள்ல நேராத்தான் இருக்கு." அவன் விரல் அப்படியே நின்றது. "தையல் போட்டா தோல் இழுத்துக்கும். கோடு ஒட்டாது."

வீட்டை விட்டுப் போன காலையில் எலியூதின் சட்டைக் கையை மடித்துவிட்டவள் நான். அந்தக் கையில் ஒரு கீறல் கூட இல்லை.

மேசைக்கு அடியில் சோலே என் காலை மிதித்தாள்.

"தையல் போட்டது யாரு?" என்றேன்.

"எத்தனை போஸ்டர் வேணும்?"

"எலாதியோ, உன்னைத்தான் கேக்குறேன்."

"நேரான காலோட ஒட்டினா யாரும் கூப்பிட மாட்டாங்க, தோன்யா. இப்படியே வாங்கிட்டுப் போங்க. இல்லேன்னா இப்பவே கம்ப்யூட்டரை அணைச்சிடறேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தான்.

எலியூதைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் ஆளாக இவன் இருந்தால், பொய்யான படத்தை என் கையாலேயே ஊரெல்லாம் ஒட்டவைத்து என் தம்பியைக் கண்டுபிடிக்கவே முடியாமல் செய்கிறான். உண்மை சொல்கிறான் என்றாலும் அவர்கள் இருந்த இடத்தில் இவனும் இருந்திருக்கிறான். ஆனால் செத்தவனுக்கு யாரும் தையல் போடுவதில்லை. அதை நம்பத்தான் எனக்கு ஆசை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் சோலே சீறினாள். "பைத்தியமாடி நீ? அவன் கையில ரத்தம் இருக்கு."

"இருக்கட்டும். என் தம்பி கையையும் அவன் பார்த்திருக்கான்."

அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து ஊர்ப் பிணவறையிலிருந்து கூப்பிட்டார்கள். மருத்துவர் அம்மாள் சுவரொட்டியையும், அங்கே கிடந்த உடலின் கையைப் பிடித்த புகைப்படத்தையும் அருகருகே வைத்தாள். கொக்கின் கால் அதே இடத்தில், அதே பக்கம் விலகியிருந்தது. தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, காயம் பட்ட பிறகும் பல மாதம் உயிரோடு இருந்திருக்கிறார் என்றாள். அவள் என் தோளைத் தொட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

சுவரோரமாக நின்ற விசாரணை அதிகாரி சுவரொட்டியை எடுத்துப் பார்த்தார்.

"அவர் வீட்டுல இருந்தப்போ கையில தழும்பு எதுவும் இல்லன்னு புகார்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் இந்தக் கோணலை யார் போடச் சொன்னது?"

எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார். பிறகு அதையே இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கேட்டார். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை. எலாதியோவின் பெயர் இவர் வழியாக யார் காதுக்குப் போகுமோ, யார் கண்டது?

"யாரும் சொல்லல சார்," என்றேன். "ஸ்கேன் சரியில்ல. கோடு விலகிடுச்சு."