செவலைக்குத் தெரிந்த சத்தம்

எங்கள் மயிலைப் பசுவின் கழுத்து மணியில் ஒரு விரிசல் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு அதைச் சரிசெய்ய நினைத்தேன். புளிமூட்டையோடு மலையிலிருந்து திருப்பத்தூர் சந்தைக்கு இறங்கியபோது, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கலீல் பாயிடம் கொடுத்து ஒட்டி வாங்கிவந்தேன். மணி கணீரென்று அடித்தது. எனக்கு ஒரே பெருமை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் எங்கள் செவலைப் பசு காட்டிலிருந்து திரும்பவில்லை. நிறைமாதச் சினை. காட்டுக்குள் கன்று போட்டால் வாசனை பிடித்துச் சிறுத்தை வந்துவிடும். இரண்டு நாள் நானும் என் பெண்டாட்டி செல்லியம்மாளும் கால் தேயத் தேடினோம். காரணத்தை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"யோவ், முன்னால போற மாட்டு மணிய கேட்டுத்தான மத்தது பின்னால வரும்? நீ சத்தத்தையே மாத்திட்ட. செவல எத கேட்டு வூட்டுக்கு வரும்?"

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் விடிந்ததும் மயிலையின் மணியை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு பாண்டுரங்கன் சார் பட்டறைக்கு ஏறினேன்.

அவர் வீடுகளுக்குப் பிளான் போடுகிறவர். கட்டுவதற்கு முன் வெறும் மனையைச் சுற்றிக் கம்பு நட்டு மணிகளைத் தொங்கவிடுவார். எந்தப் பக்கத்து மணி அதிகம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஜன்னல். மணிகளையும் அவரே செய்வார். அந்தப் பட்டறை கட்டக் கல் சுமந்தவன் நான். என் தோள்பட்டை இன்னும் அதை மறக்கவில்லை.

கட்டி முடித்தபின் அன்றுதான் உள்ளே போனேன். வாசல் பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'காற்றே, உள்ளே வா.' கூரை முழுக்க மணிகள். செம்புக் குழாய், சுட்ட மண் வில்லை, மூங்கில், சைக்கிள் மணியின் மூடிகூட இருந்தது. ஒரு காற்று வந்தது. எல்லாம் ஒன்றாக அடித்தன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னா சடையா, சிரிக்கிற?"

"இந்த எடம் இப்டி பேசும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு கல்லு சேத்து சொமந்திருப்பேன் சார்."

விஷயத்தைச் சொல்லி மணியை நீட்டினேன். அவர் ஆட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு?"

"அதான் சார் கேடு. பழையபடி கெடுத்துக் குடுங்க."

"பதினெட்டு வருசமா மணி செய்றேன். கெடுத்துக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீதான்."

பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து விரிசலைச் சூடுகாட்டினார். ஈயம் சொட்டியது. ஆறியதும் ஆட்டினார்.

"இல்ல சார். இன்னும் மூக்கடைச்சாப்ல இருக்கணும்."

இன்னும் கொஞ்சம் உருக்கினார்.

"சளி புடிச்ச எங்க மாமியா கூப்புடற மாதிரி சார்."

"உங்க மாமியாவ நான் எங்கய்யா கேட்டேன்?"

நான் மாமியார் குரலில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாம் முறை மணி 'லொடக், லொடக்' என்றது. அதே சத்தம்! மணியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அவரும் கூடவே காட்டுக்கு வந்தார். ஓடைக்கரை மூங்கில் புதர்வரை ஆட்டிக்கொண்டே போனோம். அசைவே இல்லை. அப்புறம் எங்கேயோ 'ம்மா' என்றது. செவலை புதரை விலக்கி வந்தது. அதன் பின்னால், கால் நான்கும் நாலு திசைக்குப் போக, ஒரு கன்று.

"வந்துடுச்சிய்யா!" என்று சார் குதித்தார்.

"சார், கத்தாதீங்க, பயந்து ஓடிடப் போவுது!"

எனக்குக் கண்ணில் நீர். சிரிப்பும் நிற்கவில்லை. கன்றை இந்தத் தோளில்தான் தூக்கி வந்தேன். வலிக்கவே இல்லை.

அந்தச் சத்தம் சாருக்குப் பிடித்துப்போயிற்று. அதேமாதிரி ஒரு மணி செய்து பட்டறை முகப்பில் மாட்டிவிட்டார். இப்போது அந்தப் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் மாடுகள் எல்லாம் நேரே அவருடைய அவரைத் தோட்டத்தில் போய் நிற்கின்றன. மேட்டிலிருந்து கத்துகிறார்:

"சடையா! வந்து ஓட்டிக்கினு போய்யா!"

கத்துகிறாரே தவிர, மணியைக் கழற்றவில்லை.